பெயர் மட்டும் மறைந்த பக்கம்: செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கங்களின் நிறங்களை மாற்றுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஊர் நினைவுப் பக்கம் ஒன்றை இணையத்தில் ஏற்ற உதவினேன். 2009 இல் இழந்தவர்களின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயரும் வயதும். அன்றிரவே புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாமி அழைத்தார். "தம்பி, என்ர மகன்ர படம் கிடக்கு, பேரைக் காணேல்லை. எடுத்துப் போட்டியளோ?"

என் போனில் பெயர் இருந்தது. மாமியின் போனில் இல்லை. செல் துண்டு பட்ட நாளிலிருந்து அவரின் வலது கண் வெளிச்சத்துக்குக் கூசும். அதனால் மகள் போனை எப்போதும் இருள் தோற்றத்திலேயே விட்டிருக்கிறார். பிழை என்னுடையது. பக்கம் இருளிலும் திறக்கட்டும் என்று 'கலர்-ஸ்கீம்' என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். பின்னணி தானாகக் கறுத்துவிட்டது. ஆனால் எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று ஏற்கெனவே நிலையாக எழுதி வைத்திருந்தேன். கறுப்பின் மேல் கறுப்பு. படங்கள் மட்டும் மிஞ்சின.

அதன் பிறகுதான் இதை ஒழுங்காகப் படித்தேன். செய்தி வாசிக்கும் பலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முகநூல் போன்ற செயலியில் ஓர் இணைப்பைத் தொட்டால், பெரும்பாலும் அந்தப் பக்கம் செயலிக்குள்ளேயே திறக்கும். அப்படித் திறக்க உதவும் பகுதியைத்தான் 'வெப்வியூ' என்கிறார்கள். வீட்டுக்குள் வைத்த இன்னொருவரின் ஜன்னல் மாதிரி அது: சட்டம் செயலியினுடையது, உள்ளே தெரிவது இணையத்தளத்தினுடையது. போன், செயலி, இணையத்தளம் மூன்றும் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. மூன்றும் ஒத்துப்போகாதபோதுதான் கறுப்புச் செயலிக்குள் திடீரென வெள்ளை அடிக்கிறது, அல்லது எழுத்து மறைகிறது.

வாசகர் கையில் இருப்பது முதலாவது. அன்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 13 ஆகிய இரண்டிலும், அதாவது 2019 முதல், முழுப் போனுக்குமான இருள் தோற்றம் உண்டு. செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குள் பாருங்கள். அதைப் போட்ட பின்னும் பக்கம் வெள்ளையாகவே வந்தால் அந்தத் தளம் இருள் நிறங்களை எழுதாமல் இருக்கலாம், அல்லது செயலி வெளிர் தீமில் இருக்கலாம். அப்போது மூன்று புள்ளியைத் தொட்டு வெளி உலாவியில் திறப்பதே நல்லது. சாம்சங் இன்டர்நெட் வெள்ளைத் தளங்களையும் தானே இருளாக்கும். பயர்பொக்ஸிலும் சஃபாரியிலும் உள்ள வாசிப்பு முறையில் பின்னணியையும் எழுத்தின் அளவையும் நீங்களே தெரியலாம். கண் கூச்சம் கடுமையாக உள்ளவர்களுக்கு அன்ட்ரொயிட் 12 முதல் 'எக்ஸ்ட்ரா டிம்', ஐபோனில் 'ரெடியூஸ் வைட் பொயின்ட்' இருக்கின்றன. திரையின் வெளிச்சத்தை வழமையான அளவுக்கும் கீழே இறக்கும் இவை எல்லாச் செயலிக்கும் பொருந்தும். மாமிக்கு இதுதான் அதிகம் உதவியது.

இருள் எல்லோருக்கும் நல்லது என்றில்லை. சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பின் மேலுள்ள வெள்ளை எழுத்து பரவித் தெரியலாம். அவர்களுக்கு மங்கிய மஞ்சள் பின்னணி சுகம்.

பற்றரி பற்றியும் கேட்பார்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாங்கள், கேட்பது நியாயம். ஓஎல்ஈடி திரையில் கறுப்புப் புள்ளி அணைந்திருக்கும், மிச்சம் உண்டு. ஆனால் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021 இல் அளந்தபோது, வெளிச்சம் 30 முதல் 50 வீதம் வரை இருக்கையில் சராசரியாக 3 முதல் 9 வீதம்தான் மிஞ்சியது. விலை குறைந்த எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. வெளிச்சத்தைக் குறைப்பதே மேல்.

இனி, தளமோ செயலியோ செய்பவர்களுக்கு. பின்னணி நிறத்தை எழுதினால் எழுத்தின் நிறத்தையும் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். இருளுக்கான நிறங்களை 'பிரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம்' நிபந்தனைக்குள் தனியாகக் கொடுங்கள். அன்ட்ரொயிட் 13 ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட செயலியில், செயலியின் தீம் வெளிரா இருளா என்பதைப் பார்த்தே வெப்வியூ அந்த நிபந்தனைக்குப் பதில் சொல்லும். நிறம் எழுதாத தளங்களைத் தானாக இருளாக்கும் வசதியும் உண்டு, ஆனால் செயலியை எழுதுபவர் அனுமதித்தால்தான் அது இயங்கும். பக்கம் வரும்வரை வெப்வியூவின் பின்னணி வெள்ளையாக இருக்கும். இரவில் கண்ணில் அடிப்பது அதுதான், ஒரே வரியில் மாற்றலாம். 'கஸ்டம் டாப்' முறையில் திறந்தால் மேற்பட்டை போன்ற வெளிச்சட்டத்தின் நிறங்களை மட்டுமே நீங்கள் தீர்மானிக்கலாம், உள்ளே இருப்பது உங்கள் கையில் இல்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5 க்கு 1 ஆவது இருக்கவேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் அளவுகோல். வெள்ளையில் கறுப்பு 21. உலாவிகள் வழமையாகத் தரும் நீல இணைப்பு, #121212 என்ற இருள் பின்னணியில் 2 அளவில் நின்றுவிடும். நினைவுப் பக்கங்களில் நாங்கள் விரும்பிப் போடும் அடர் சிவப்பும் அப்படித்தான். தமிழுக்கு இன்னும் கவனம் வேண்டும். மெல்லிய எழுத்துருவில் முதலில் காணாமல் போவது புள்ளி. பெயர்ப் பட்டியலில் 'ன்' எது, 'ன' எது என்று தெரியாமல் போனால் அது வேறொருவரின் பெயர். பின்னணி இல்லாத படக் கோப்பில் கறுப்பால் எழுதிய தலைப்பையும் பாருங்கள். இருளில் அதுவும் மறையும்.

இரண்டு நிறங்களையும் எழுதி, பழைய போன் ஒன்றிலும் பார்த்துவிட்டு மாமிக்கு எடுத்தேன். "இப்ப தெரியுதோ மாமி?" சிறிது நேரம் சத்தமில்லை. "தெரியுது தம்பி. வயசு பிழை. அவனுக்கு அப்ப இருபது முடியேல்லை, பத்தொன்பது எண்டு மாத்தி விடுங்கோ."