எந்தக் கட்சிக் கொடி?

மரக்காணத்து உப்பளங்களில் வானவில்லைக் கண்டு யாரும் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டமாட்டார்கள் என்று நினைக்கிறேன். வானவில் என்றால் மழை. மழை என்றால் பாத்தியில் பூத்த உப்பெல்லாம் கரைந்து பழையபடி தண்ணீர். எங்களைப் போன்ற கதை எழுதுகிறவர்களுக்கு வானவில் இனாமாகக் கிடைத்த அலங்காரம். வாரிக் குவித்த உப்பை மூடுவதற்கு ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அப்படியா இருக்கும்?

இந்த யோசனை எனக்கு வந்தது அந்த ஊர்ச் சாலையோரத் தேநீர்க் கடையில். என் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வயதிருக்கலாம். அவருடைய தோள்பையின் வாரில் ஒரு சின்னத் துணி முடிந்திருந்தது: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. எதிர்ப் பெஞ்சிலிருந்த உப்பளத்துப் பெரியவர் ஒருவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, இது எந்தக் கட்சிக் கொடி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம் நாட்டில் வர்ணத் துணி என்று ஒன்று இருந்தால் அதற்கொரு தலைவரும் இருந்தே தீரவேண்டும். "கட்சி இல்லீங்க தாத்தா" என்றார் இளைஞர். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. கையிலிருந்த டீயைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அது எந்தக் கொடி என்று எனக்குத் தெரியும். ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும், அவர்களைப் போலவே ஊர் கிழித்த கோட்டுக்கு வெளியே நிற்கும் மற்றவர்களும் தமக்கென்று வைத்துக்கொண்ட கொடி. ஆனால் அவர் சொல்லத் தயங்கிய பதிலை அவர் சார்பில் நான் சொல்வது முறையில்லை. பேசாமலிருந்துவிட்டேன். கொடியின் கதையை நேயர்களுக்குச் சொல்வதில் அந்தத் தடை இல்லை அல்லவா?

அந்தக் கொடிக்கு முன்னால் வேறொரு துணி இருந்தது. அது அவர்கள் தைத்ததல்ல, அவர்கள்மேல் தைக்கப்பட்டது. ஹிட்லரின் ஜெர்மனி, ஆணை விரும்பும் ஆண்களைத் தண்டிக்கும் 175-ஆம் சட்டப்பிரிவை 1935-ல் மேலும் கொடுமையாக்கிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் வதை முகாம்களுக்குப் போனார்கள். சட்டையில் ஓர் இளஞ்சிவப்பு முக்கோணம்: இவன் இன்ன ரகம் என்று காவல்காரனுக்குத் தெரியவேண்டுமே! யுத்தம் முடிந்து முகாம்களின் கதவுகள் திறந்த பிறகும் மேற்கு ஜெர்மனி அந்தச் சட்டத்தை 1969 வரை எழுத்து மாறாமல் வைத்திருந்தது. பிற்பாடு அவர்களே அந்த முக்கோணத்தை எடுத்து, 'ஆமாம், நாங்கள்தான்' என்று மார்பில் குத்திக்கொண்டார்கள். துணிச்சலான காரியம். என்றாலும் அது எமன் கொடுத்த சின்னம்.

தாமே உண்டாக்கிய சின்னம் ஒன்று வேண்டும் என்று நினைத்தவர் கில்பர்ட் பேக்கர். 1951-ல் கான்ஸாஸ் மாகாணத்தில் பிறந்து, ராணுவத்தில் வேலை பார்த்து, பிறகு ஸான் பிரான்ஸிஸ்கோவில் தங்கித் தாமாகவே தையல் பழகியவர். 1978-ல் சுமார் 30 தொண்டர்கள் கூடினார்கள். பெரிய பெரிய குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்துப் பருத்தித் துணியை முக்கினார்கள். சாயம் போடுவதில் கைதேர்ந்தவர் லின் ஸெகர்ப்ளாம் என்ற பெண்மணி. அவருடைய பெயரை உலகம் வெகுகாலம் சொல்லவேயில்லை. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் மூட்டைக் கணக்கில் சொல்வார். அந்தத் தொட்டிகளிலும் உப்பு விழுந்தது. மரக்காணத்துப் பெரியவரிடம் இதைச் சொல்லியிருந்தால் கொடியோடு ஓர் உறவு ஏற்பட்டிருக்கும்!

அந்த ஆண்டு ஜூன் 25-ந் தேதி கொடி ஏறியது. அன்று அதில் எட்டு வர்ணங்கள். இளஞ்சிவப்பு உடலின்பத்துக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு புண் ஆறுவதற்கு, மஞ்சள் வெயிலுக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை கலைக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு என்று பேக்கர் பொருள் சொன்னார். ராசிக்கல் வியாபாரியின் பட்டியல் போல இருக்கிறது என்று யாராவது சிரித்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். என்னைக் கேட்டால், கொடியின் சரித்திரம் உதிர்ந்துபோன வர்ணங்களில்தான் இருக்கிறது.

ஹார்வி மில்க், தம் நாட்டத்தை மறைக்காமல் தேர்தலில் நின்று 1977-ல் அந்நகர சபைக்கு வந்தவர். 1978 நவம்பர் 27-ந் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துக்கத்தில் ஊரே கொடி கேட்டது. கொடிக் கம்பெனியிலோ இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை. எட்டு ஏழாயிற்று. மறு ஆண்டு ஊர்வலத்துக்காக வீதியின் இரு பக்கமும் கொடியைச் சரிபாதியாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஏழை எப்படிச் சரிபாதியாக்குவது? நீலப்பச்சையும் போயிற்று. போயும் போயும் கலையின் வர்ணத்தைத்தான் கழித்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. 2017-ல் காலமாகும்வரை பேக்கர் அந்தக் கொடிக்கு உரிமைப்பணம் கேட்கவில்லை.

நம்மவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது: வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய 377. கல்கத்தாவில் 1999 ஜூலை 2-ல் 15 பேர் தைரியமாக நடந்தார்கள். சென்னையில் 2009 ஜூன் மாதம் கடற்கரையில் ஊர்வலம் நடந்தது. அடுத்த சில நாட்களில் டில்லி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. 2013-ல் உச்சநீதிமன்றம் பல்லைத் திருப்பிக் கட்டியது. 2018 செப்டம்பர் 6-ல் அதே நீதிமன்றம் மறுபடி பிடுங்கிற்று. இடைப்பட்ட ஐந்து வருஷத்தில் இருபது வயதைத் தாண்டியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

ஆண்களை விரும்பும் ஆண்களுக்கென்றே ஒரு தனிக்கொடியும் 2019 வாக்கில் இணையத்தில் பரவிற்று. பச்சையும் நீலமும் ஊதாவுமாகக் கடலைப் போன்ற பட்டைகள், நடுவே வெள்ளை. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காதவர்களுக்கு அந்த வெள்ளை என்கிறார்கள். 1979-ல் உதிர்ந்த நீலப்பச்சை அதில் திரும்பி வந்திருக்கிறது.

தேநீர்க் கடையில் பெரியவர் விடுவதாக இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லா நெறமும் இருக்குது, வெள்ளையக் காணமே?" என்றார். வருஷமெல்லாம் வெள்ளையைப் பார்த்த கண் அல்லவா!

இளைஞர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். "வெள்ளை வச்ச கொடியும் ஒண்ணு இருக்குதுங்க தாத்தா. அதுதான் எங்க கொடி" என்றார்.

புதுச்சேரி பஸ் வந்துவிட்டது.