கோபத்தில் பிறந்த இரு சட்டங்கள்

2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிறுவன் மூன்றாண்டு முடிந்து வெளியே வந்த நாள் 2015 டிசம்பர் 20. புதிய இளைஞர் நீதி மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது 22ஆம் தேதி. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது வந்த சட்டம் அது. நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னாலும் கோபம் உண்டு. ஆனால் அது, தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்த அரசின் மீது அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு இருந்த கோபம்.

நம் சட்டப்படி, 16 வயது நிரம்பியவர் ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவரை வயது வந்தவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்டமாக மதிப்பிட வேண்டும். விளைவு தெரிந்துதான் செய்தாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. வாரங்கள் கழித்துப் பேசிப் பார்த்து, சம்பவ நாளின் மனநிலையை எப்படி அளப்பது? இது எளிய வேலையல்ல, நிபுணர் துணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொல்லியிருக்கிறது.

மற்றபடி விசாரணை அறை பற்றிய நம் விதிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குழுமம் உயர்ந்த மேடையில் அமரக் கூடாது, சாட்சிக்கூண்டு கூடாது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நியூசிலாந்தில் குற்றத்தில் பிடிபடும் பெரும்பாலான சிறுவர்களைப் போலீசே எச்சரித்தோ சிறு திட்டம் போட்டோ அனுப்பிவிடுகிறது. அதற்கு மேற்பட்டவை குடும்பக் கூட்டத்துக்குப் போகும். போலீஸ் நடந்ததைச் சொல்லும். பாதிக்கப்பட்டவர் தன் இழப்பைச் சொல்வார். பிறகு வெளியார் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அறையில் பையனும் பெற்றோரும் பாட்டியும் சித்தப்பாவும் மட்டும். என்ன ஈடு செய்வது, யார் அவனைப் பார்த்துக்கொள்வது என்று அவர்களே பேசித் திட்டத்தோடு வர வேண்டும். அதற்கு மற்றவர்களும் சம்மதிக்க வேண்டும்.

கொலை வழக்குகள் இதில் சேராது. ஆகவே டெல்லி வழக்கை வைத்து இரண்டையும் எடைபோடுவது வீண். செல்போன் பறிப்பை வைத்துப் பாருங்கள்: பறிகொடுத்தவர் இங்கே வெறும் சாட்சி. நம் ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இளைஞர் நீதிமன்றத்துக்கு வருபவர்களில் மாவோரிச் சிறுவர்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட இன்னும் மிக அதிகம். 2024இல் புதிய அரசு, தொடர்ந்து குற்றம் செய்யும் பத்து இளைஞர்களைக் கொண்டு ராணுவப் பாணி முகாமைச் சோதனையாகத் தொடங்கியது. தேர்தலில் கொடுத்த வாக்குறுதி அது.