வார்த்தவள் பெயர்

ஆடி ஞாயிறு. பெரியபாளையம் பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டப் போகிறவர்களுக்காகக் கவரப்பேட்டைப் பக்கம் பந்தல் போட்டுக் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பேச்சாளர். ‘வாக்சின்’ தமிழ்ச் சொல்லாம். நம் ‘பசு’ லத்தீனுக்குப் போய் ‘வக்கா’ ஆனதாம். பசுவின் மடிப்பாலைக் கையில் குத்தி வைசூரியை, அதாவது பெரியம்மையை, தடுத்தவர்கள் நாமாம். அதனால்தான் அது அம்மைப்பாலாம். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

‘வக்கா’ லத்தீனில் பசு என்பதும், பசுவம்மை குத்தும் முறையைப் பரப்பிய ஜென்னர் 1798-ல் எழுதிய நூலிலிருந்து ‘வாக்சின்’ பரவியது என்பதும் சரி. ஆனால் ‘பசு’வே வடசொல். அதற்கு லத்தீனில் உறவுமுறை தேடினால் ‘பெகு’ என்ற சொல் கிடைக்கும், வக்கா கிடைக்காது. நமக்கு ஆ உண்டு, ஆன் உண்டு, பெற்றம் உண்டு. அவற்றை விட்டுவிட்டுக் கடன் வாங்கியதைக் காட்டிப் பெருமைப்படுவானேன்?

ஜென்னருக்கு முன்பே நமக்குத் தெரியும் என்ற பேச்சுக்கும் வயது இருநூறு. 1819 ஜனவரி 12-ஆம் தேதி ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில் ‘கல்வி விரும்பன்’ என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி பெயரிலுள்ள பழைய நூலொன்றில் பசுவம்மை குத்தும் முறை இருக்கிறது என்றது அது. அக்காலத்தில் சென்னைக் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ் துரை, குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் தயங்கியதால் பசுவம்மைக்கென்றே ஒரு புராணக் கதையைக் கட்டியவர். இந்த விவகாரத்தை ஆராய்ந்த டொமினிக் வுயாஸ்டிக் தன் கட்டுரைக்குப் ‘புண்ணியப் பொய்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். புண்ணியம் அன்றே தீர்ந்துவிட்டது. பொய் மட்டும் இன்னும் பந்தலில் பேசுகிறது.

அம்மைப்பாலில் உள்ள பால் மடிப்பால் அன்று. கள்ளியைக் கிள்ளினால் பால், எருக்கை ஒடித்தால் பால், கதிர் முற்றுமுன் நெல்லில் பால். தோலைக் கீறினால் கசிவதெல்லாம் தமிழனுக்குப் பால்தான். கொப்புளத்தின் கசிவே அம்மைப்பால். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியதும், அவள் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைகளுக்கு எடுத்ததும் அதுதான். பின்னாளில் கன்றின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். கிண்டி கிங் நிலையம் 1899-ல் தொடங்கியதே இந்தப் பாலுக்காக. அங்கே யாரும் மடியைக் கறக்கவில்லை.

‘குத்து’ம் கவனிக்கத் தக்கது. பச்சை குத்துவோம், காது குத்துவோம், அன்று அம்மையும் குத்தினோம். மற்ற நோய்க்கெல்லாம் ஊசி போடுவோம். பழைய அம்மை குத்துக்காரர் கையில் மருந்தேற்றும் ஊசி கிடையாது. பல் வைத்த சிறு வட்டத் தகட்டைத் தோலில் அழுத்தித் திருகுவார். பிறகு வந்த கவை முனை ஊசியால் பதினைந்து தரம் குத்துவார்கள். 1980-க்குப் பின் பிறந்தவர்கள்கூடத் தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் பி.சி.ஜி. வடுவைக் காட்டி ‘அம்மைத் தழும்பு’ என்கிறார்கள். அது காசநோய்க்குப் போட்டது என்றால் நம்புவதில்லை.

வைசூரிக்கு வருவோம். ‘வை’ கூர்மை, ‘சூரி’ கத்தி, கூரிய கத்தியாய்க் கிழிக்கும் நோய் என்று ஒருவர் எழுதினார். அந்த நோய் கிழிக்கவில்லை, முளைத்தது. மாதவ நிதானம் அதை மசூரிகா என்கிறது. மசூரப் பருப்பைப் போலக் கொப்புளம் எழுவதால் அந்தப் பெயர். முழியும் விழியும் மாறி வருவதுபோல் மகரம் வகரமாயிற்று. மலையாளத்தார் ‘வசூரி’யோடு நின்றுகொண்டார்கள். சகரத்துக்கு முன் அகரமும் ஐகாரமும் ஒக்கும் என்று நன்னூலார் வைத்த விதிப்படி நமக்கு வைசூரி. மளிகைக் கடையில் மசூர் பருப்பு மைசூர் பருப்பானதும் அதே விதிப்படிதான். மைசூருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கப் போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இனி அம்மை. ‘அம்’ என்றால் நீர், நீர் கோத்த கொப்புளம் அம்மை என்பார் உண்டு. அப்படியானால் எண்ணெய் தெறித்த கொப்புளமும் அம்மைதானே? தொல்காப்பிய வனப்பு எட்டில் முதலாவது அம்மையை இழுத்து வருவாரும் உண்டு. அது செய்யுளின் அழகு. இது முகத்தின் வடு. நோயைச் சொல்ல அஞ்சித் தாயென்றது மங்கல வழக்கு என்பவர்கள் பாதிவழி வந்துவிட்டார்கள். மீதி வழி வினைச்சொல்லில் இருக்கிறது.

அந்த வினைச்சொல்லைக் கேட்டது சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. உள்ளே பாயில் பீகார்ப் பையன், இரும்பு ஆலையில் வேலை. “அம்மா வார்த்திருக்கு, செருப்ப அங்கியே வுட்டுட்டு வாங்க சார்” என்றார் வீட்டுக்காரம்மா, இளநீர் சீவிக்கொண்டே. பையனின் கூட்டாளி ‘சோட்டி மாதா’ என்றான். நம் சின்னம்மையேதான். பக்கத்து அறை நெல்லூர்க்காரர் ‘அம்மவாரு போசிந்தி’ என்றார். போசிந்தி என்றால் ஊற்றியது. தமிழிலும் வார்த்தல், தெலுங்கிலும் ஊற்றல்!

காய்ச்சல் பிடிக்கும், சளி பிடிக்கும். அம்மை பிடிப்பதில்லை, வார்க்கிறது. கூழ் வார்ப்பதும் தோசை வார்ப்பதும் அச்சில் உருக்கு வார்ப்பதும் இந்தச் சொல்லால்தான். சின்னம்மை தவணை தவணையாக எழும்பும். பெரியம்மையோ ஓரிடத்தில் எழும்பினால் அத்தனை கொப்புள முத்தும் ஒரே பருவத்தில் நின்றன, ஒரே கையால் ஊற்றியதுபோல. ‘அவனுக்கு அம்மை வார்த்திருக்கிறது’ என்பதில் அம்மை எழுவாய். வார்த்தவள் தாய், வார்த்தது முத்து. செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆவது கருத்தாவாகுபெயர்; ‘திருவள்ளுவர் படித்தேன்’ என்கிறோமே, அதுபோல. முத்துக்கு அம்மை என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

தாய் என்றால் ‘வார்த்தாள்’ என்றல்லவா முடியவேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் மடக்கினார். பொன்னேரிச் சந்தையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வரச் சொன்னேன். ‘எங்கம்மா சொல்லிச்சு’, ‘அக்கா வந்துது’ என்றுதான் காதில் விழும். தெலுங்கிலோ ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே விகுதி. கல்வெட்டில் காட்ட முடியுமா என்றார் அடுத்து. முடியாது. வேறு வழி சொல்கிறவர்கள் முதலில் அந்த ‘வார்’ எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டும். அதுவரை நான் வார்த்தவள் பக்கம்.