பழங்கணினியும் தொலைமுனையமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழ்நீரிலே பெருங்கப்பல் பாரம் தாங்கி நிற்கும். கரைக்கும் அதற்கும் இடையே சென்று வருதலே சிறு வள்ளத்தின் பணி. தொலைமுனையத்தின் தத்துவமும் ஏறத்தாழ இஃதேயாம்.

கணினி கிடைத்தற்கரியதாய் இருந்த காலத்தில், ஒன்றைப் பலர் பகிர்வது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாற்றோ குழுவினர் அதற்கு விடை காட்டினர். அவரவர் தத்தம் முனையத்தில் தட்டச்சுச் செய்ய, நடுவிலிருந்த பொறி முறைவைத்து அனைவர்க்கும் கணித்தது. 1964இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்க்கும் அவ்வசதி கிட்டிற்று.

பின்னர் மேசைக்கணினிகள் மலிந்தன. முனையத்தின் தேவை குறைந்தது. ஆயினும் கருத்து மாயவில்லை. 1998இல் கேம்பிறிஜ் ஆய்வுக்கூடமொன்று வெளியிட்ட வி.என்.சி. மென்பொருள், ஒரு கணினியின் திரையை மற்றொன்றிற் காட்டிற்று. 1999இல் தோன்றிய லினக்ஸ் முனைய சேவையகத் திட்டம், வன்தட்டற்ற பழங்கணினியையும் வலைவழி இயங்கச் செய்தது.

ஆதலின், வீட்டு மூலையில் ஒதுக்கிய கணினியும் குப்பையன்று. விசைத் தட்டல் அப்பாற் செல்ல, திரைப்படிமம் இப்பால் வரும். உழைப்பு வலிய கணினியினுடையது. புதியது வாங்க இயலாத வீட்டிலும் இரண்டாம் பிள்ளை பயில இடமுண்டாகும். ஒன்று மட்டும் நினைவிற்கொள்ளத்தக்கது: பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பழைய இயங்குதளத்தை இணையத்திற்குத் திறந்துவிடல் ஆகாது. அதனை அகற்றி, இலகுவான புதுத்தளம் நிறுவுதலே முதற்பணி.