சயாம் எல்லைக் கல்லறைகள்

எங்கள் வீரபாண்டி அமைந்துள்ள தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்து வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆநிரைச் சண்டையில் வீழ்ந்த ஒருவனுக்கும் பெயரெழுதிக் கல் நட்டனர் நம் முன்னோர். அவர்தம் வழிவந்தோர் ஆயிரமாயிரமாய் அயல்நாட்டில் மடிந்து, ஒரு கல்லும் பெறாது கிடந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

இரண்டாம் உலகப்போரைப் பாடமாக நடத்துங்கால் ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே பொழுதைக் கழித்துவிடுகிறோம். சயாம் எல்லைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது!

1942இல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், கடல்வழி ஆபத்து மிகுந்ததால், சயாமிலுள்ள நோங் பிளாதுக்கிலிருந்து மூன்று பகோடாக் கணவாயின் வழியே எல்லையைக் கடந்து, பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைத்தனர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகளுள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரும், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் முதலியோரும் அவர்களினும் பன்மடங்கினர். அவர்களுள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

போர் முடிந்ததும், 1945இலேயே, முன்னாள் கைதிகள் சிலர் ஒரு தேடற் குழுவினராய் அப்பாதை நெடுகிலும் மீண்டும் சென்றனர். காட்டிடையே 140க்கும் மேற்பட்ட இடுகாடுகளையும், 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளையும் கண்டறிந்தனர். இஃது எங்ஙனம் இயன்றது? கைதிகளிடையே அதிகாரிகளும், மருத்துவரும், பாதிரிமாரும் இருந்தனர். இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்திற் புதைக்கப்பட்டார் என்று காவலர் அறியாவண்ணம் குறித்து வைத்தனர். அக்குறிப்புகளே பின்னர் வழிகாட்டின.

சிதறிக் கிடந்த உடல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டு, சயாமில் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவில் தன்பியூசயாத் ஆகிய மூன்று கல்லறைத் தோட்டங்களிற் சேர்க்கப்பட்டன. அமெரிக்கர் தம்மவரைத் தாயகத்துக்கே கொண்டுசென்றனர். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். நீக்கே முகாமில் தகனம் செய்யப்பட்ட 300 பேரின் சாம்பல் அங்கே இரு குழிகளில் உள்ளது. தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடங்கிய, கல்லறை பேண இயலாத இந்தியப் படைவீரர் 11 பேரின் பெயர்களையும் அங்கே பொறித்திருக்கிறார்கள். பதினொருவரையும் மறவாத அந்த ஒழுங்கைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அவ்வொழுங்கு படைவீரரோடு நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளிக்குப் பதிவேடு இல்லை; மருந்து இல்லை; அவனுக்காகப் பேச ஓர் அதிகாரியும் இல்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது பிணங்களைக் கூட்டங்கூட்டமாகக் குழிகளில் தள்ளினர். அவற்றை முறையாகத் தேடிச் சென்றவர் எவருமிலர். 1990இல் காஞ்சனபுரியின் கரும்புத் தோட்டமொன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் எவருடையது எவரது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

காஞ்சனபுரியின் தாவோன் வராராம் விகாரையில், ஆசியத் தொழிலாளரின் எச்சங்கள் அடங்கிய நினைவுச் சின்னமொன்று உண்டு. அவ்விகாரையிலேயே 2024ஆம் ஆண்டில், தமிழ்நாட்டரசின் பொருளுதவியோடு, மாண்ட தமிழர்க்கு ஒரு நினைவுக் கல் எழுப்பப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயரும் நடுகல் என்பதே.