யாருடைய மைதானம்?

1972-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் மியாமி டால்பின்ஸ் அணி தான் ஆடிய 14 லீக் ஆட்டங்களிலும் வென்றது. தோல்வியே காணாத அவ்வணி, ஏ.எஃப்.சி. பகுதியின் இறுதி ஆட்டத்திற்குப் பிட்ஸ்பர்க் நகருக்குப் பயணப்பட வேண்டியிருந்தது. அந்நகரின் ஸ்டீலர்ஸ் அணியோ மூன்று ஆட்டங்களில் தோற்றிருந்தது. ஆயினும் அவ்வாண்டு ஆட்டத்தை நடத்தும் முறை ஸ்டீலர்ஸ் பக்கம் வந்திருந்தது, காரணம் அவ்வளவே. டால்பின்ஸ் 21-17 என்று வென்று, சூப்பர் பௌலையும் கைப்பற்றியது. வென்றுவிட்டார்கள் என்பதனால் விதியின் கோணல் நேராகிவிடுமா?

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இவ்வாட்டத்தில் உள்ளூர் மைதானம் வெறும் மரியாதை அன்று. ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத் தம் சகாக்களுக்குக் குறிப்புணர்த்த வேண்டும். வந்த அணியினர் அதனைச் செய்யும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கும். தம்மவர் செய்யும்போது மௌனம் காக்கும். எனவே, எவர் மைதானம் என்னும் கேள்வி, வெற்றியில் எவர்க்கு முன்பங்கு என்னும் கேள்வியே ஆகிறது.

1933-இல் என்.எஃப்.எல். அமைப்பு தன் அணிகளைக் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளாக்கி, பிரிவுத் தலைவர்களை இறுதி ஆட்டத்தில் மோதவிட்டது. மைதானம் ஆண்டுக்கொரு பக்கமாக மாறி வந்தது. இருவர்க்குள் மாறி மாறி என்பது எளிய நீதிதான். அணிகளும் பிரிவுகளும் பெருகியபோது அந்நீதி தடுமாறியது. 1967-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 11 வெற்றி, ஒரே தோல்வி, இரு சமநிலை என்ற கணக்குடன் வந்தும், ஒன்பதே வெற்றிகள் பெற்ற கிரீன் பே பேக்கர்ஸை அவர்தம் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் சந்தித்து 28-7 எனத் தோற்றது. அதே ஆண்டு, ராம்ஸுக்கு நிகரான கணக்கை வைத்திருந்த பால்டிமோர் கோல்ட்ஸ், ராம்ஸ் இருந்த பிரிவிலேயே பிறந்த குற்றத்தால் அடுத்த சுற்றையே காணவில்லை.

1975-இல் சுழற்சி முறை ஒழிந்து, வெற்றிக் கணக்கின்படி வரிசை வந்தது. ஆனால் சீர்திருத்தம் பாதிவழியில் நின்றுவிட்டது. பிரிவை வென்றவர் எவராயினும், வைல்டு கார்டு வழியே வந்தவர்க்கு மேலேயே வைக்கப்பட்டார். 2002-இல் அணிகள் நான்கு நான்காக எட்டுப் பிரிவுகளாயின. சிறிய பிரிவில் நால்வரும் நலிந்திருந்தாலும் ஒருவர் முதல்வர் ஆகியே தீர வேண்டுமல்லவா? விளைவுகளைப் பாருங்கள். 2008 பருவத்தில் 8 வெற்றி பெற்ற சான் டியேகோ, 12 வெற்றி பெற்ற இண்டியானாபோலிஸைத் தன் மைதானத்தில் வரவேற்று வென்றது. 2010-இல் 7 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த சியாட்டில், 11 வெற்றி பெற்ற நியூ ஆர்லியன்ஸை 41-36 என வீழ்த்தியது. 2014-இல் 7 வெற்றி பெற்ற கரோலினா, 11 வெற்றி பெற்ற அரிசோனாவை வென்றது.

2024 பருவத்தின் கதை இன்னும் கூர்மையானது. 14 ஆட்டங்களில் வென்ற மினசோட்டா வைகிங்ஸ் ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டது. அது கண்ட மூன்று தோல்விகளில் இரண்டு, தன் பிரிவுத் தலைவரான டெட்ராய்ட் லயன்ஸிடம் பெற்றவை. 10 வெற்றி பெற்ற ராம்ஸ் விருந்தோம்பும் அணியாயிற்று. காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவுக்கு மாற்றப்பட, அங்கும் ராம்ஸே 27-9 என வென்றது. இம்முறையால் முதலிடம் பெற்றிருந்த லயன்ஸ் அணியே 2025-இல், வெற்றிக் கணக்கின்படி வரிசையை மாற்றக் கோரியது என்பது சிந்திக்கத்தக்கது. விதியை மாற்ற 32 உரிமையாளர்களில் 24 பேரின் ஒப்புதல் தேவை. போதிய ஆதரவின்றி, மே மாதம் அக்கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

பிரிவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இன்று ஓர் அணி ஆடும் 17 ஆட்டங்களில் ஆறு தன் பிரிவினருடன். எட்டு, வேறு இரு பிரிவுகளுடன். எஞ்சிய மூன்றே முந்தைய ஆண்டின் இடத்தைப் பொறுத்தவை. ஆகவே ஒரே பிரிவினர் ஏறக்குறைய ஒரே தேர்வை எழுதுகின்றனர்; வேறு பிரிவினரின் வினாத்தாளோ வேறு. வெவ்வேறு தாள்களின் மதிப்பெண்களை ஒரே தராசில் இடலாமா என்று கேட்பவரை நாம் எளிதில் புறந்தள்ளிவிட முடியாது. அண்டை நகரங்களின் பழம்பகையே இவ்வாட்டத்திற்கு உயிர் என்பதும் உண்மை.

ஆனால் மேற்சொன்ன நான்கு அண்மை நிகழ்வுகளிலும் இடைவெளி நான்கு வெற்றிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வெற்றியின் வேறுபாட்டை வினாத்தாளின் கடுமை விளக்கலாம். நான்கை விளக்குவது அரிது. உள்ளூரில் வென்றதைக் காட்டி, தகுதி மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் பொருந்தாது. அந்த மைதானம் எவர்க்கு உரியது என்பதன்றோ வழக்கு! பிரிவை வென்றவர்க்கு நுழைவுரிமை உண்டு. அதனைப் பறிக்க வேண்டியதில்லை. மைதானமோ ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த வெற்றிகளுக்கு உரிய கூலி. முறைவைத்துத் தந்ததை 1975-இல் கைவிட்டவர்கள், பிரிவின் பெயரால் தருவதையும் என்றேனும் கைவிட வேண்டியிருக்கும்.