சாம்பல் இழுத்த கல்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடும் பல லட்சம் பேரில் கையில் செல்பேசி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலையுச்சியில் சுடர் தெரிந்த கணத்தில் ஆளாளுக்கு உறவினரை அழைக்கிறார்கள். ஒரே ஆகாயத்தில் பல நிறுவனங்களின் அலைவரிசைகள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கின்றன. தனக்குரிய வரிசையை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றை வாசலிலேயே நிறுத்துவது செல்பேசிக்குள் இருக்கும் வடிகட்டி. கடுகளவே ஆன அப்பொருளின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால், நமக்கு அண்டை நாடான இலங்கையின் கல்லொன்று எதிர்ப்படுகிறது.

பௌதிக நூல்கள் இக்கதையை 1880இல் பாரிசில் தொடங்குவதே வழக்கம். நாம் 177 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். 1703இல் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒருவகை வண்ணக் கற்களைக் கொண்டு சென்றனர். தணலருகே வைத்தால் சூடேறிய கல் சாம்பலைத் தன்பால் இழுத்தது. பின்பு உதறியும் தள்ளியது. 1707இல் வெளிவந்த ஜெர்மானிய நூலொன்று இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. டச்சுக்காரர்கள் அதற்கு ‘சாம்பல் இழுப்பான்’ என்றே பொருள்படும் பெயரை வைத்தார்கள். புகைக்குழாயின் சாம்பலை வெளியே எடுக்க அக்கல்லைப் பயன்படுத்தியதாகவும் சொல்வதுண்டு. நிலைத்த பெயர் டூர்மலைன். அது ‘தோரமல்லி’ என்னும் சிங்களச் சொல்லின் வழிவந்தது என்பர் அகராதிக்காரர். இதையும் தமிழ்ச் சொல்லாக்கிவிட நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கக்கூடும். வேண்டாம், அண்டை வீட்டாருக்கும் ஏதேனும் இருக்கட்டும். நீற்றை அருளாகக் கொண்ட ஊரில் வாழும் நமக்கு, நீறு தேடிச் சென்ற கல் என்னும் எண்ணமே போதிய இன்பம் தருகிறது.

சாம்பலை இழுத்தது மின்சாரமே என்பதை 1756இல் ஏப்பினஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் காட்டினார்: சூடேறிய கல்லின் ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தோன்றின. வெப்பத்தால் பிறக்கும் மின்சாரம் அழுத்தினாலும் பிறக்குமா என்ற கேள்வியை எழுப்பி, டூர்மலைன், குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் விடை கண்டவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். அந்த ஆண்டுதான் 1880. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்ற மறுபக்கத்தை 1881இல் லிப்மன் கணிதத்தால் முன்னுரைக்க, கியூரி சகோதரர்கள் சோதனையால் உறுதி செய்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் இதே அழுத்தமின் தத்துவம் ஒளிந்திருப்பதாகச் சிலர் எழுதிவருகிறார்கள். கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. ஆயின் அதன் மணிகள் திசைக்கொன்றாகக் கிடப்பதால் அவற்றின் மின்விளைவு ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். தூண் பாடுவது தன் நீளத்தாலும் பருமனாலும் கல்லின் விறைப்பாலும் மட்டுமே. சிற்பியின் செவித்திறமே நமக்குப் போதிய பெருமை. அவன் தலையில் மின்னியலையும் ஏற்றுவது அவனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஒப்புமை தேடினால் வேறிடத்தில் கிடைக்கும். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1920இலும் 1930களிலும் மிருதங்கம் போன்ற நம் தோற்கருவிகளின் சுரங்களைப் பற்றி எழுதினார். நடுவில் ஏற்றிய பாரம் தோலின் அதிர்வை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். 1935–36இல் பெங்களூரில் அவரும் நாகேந்திர நாத்தும் செவிக்கெட்டா ஒலியலைகள் ஒளியைச் சிதறடிப்பதற்குக் கணிதம் கண்டனர். அத்தகைய ஒலியைத் திரவத்தில் எழுப்புவதும் மின்னூட்டிய குவார்ட்ஸ் தகடுதான். மிருதங்கமும் படிகமும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்துக்கொண்டன என்பது நம்மைப் பெரிதும் ஈர்க்கிறது. ஏனெனில் இன்றைய வடிகட்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

தகடு மெலிய மெலிய அதன் சுருதி ஏறும். வினாடிக்கு 50 லட்சம் முறை அதிரும் குவார்ட்ஸ் தகட்டின் கனம் ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர். செல்பேசிக்கோ 200 கோடி அதிர்வுகள் வேண்டும். அத்தனை மெல்லிய தகட்டை அறுத்துத் தேய்த்து எடுக்க இயலாது. 1965இல் வொய்ட்டும் வோல்ட்மரும் படிகத்தின் மேற்பரப்பில் மட்டும் அலையை ஓடவிடும் சீப்பு வடிவ மின்முனைகளைச் செய்தனர். அதுவும் பெரும் வெற்றி பெற்றதே. எனினும் அதிர்வெண் ஏறியபோது சீப்பின் பற்கள் மிகக் குறுகிவிட்டன. அறுப்பதற்குப் பதில் வளர்த்தால் என்ன என்ற யோசனையில் 1980 வாக்கில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மென்படல ஒத்ததிர்விகள் உருவாயின.

அலுமினியம் நைட்ரைடு என்னும் பொருளைச் சிலிக்கான் மீது ஒன்றிரண்டு மைக்ரான் கனத்துக்குப் படியவிடுகிறார்கள். அப்படலத்தை வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் நுண்படிகங்கள் நெருக்கமாக, நிமிர்ந்து நிற்கும் தூண்களாகத் தெரியும். கிருஷ்ணதேவராயர் காலத்து எங்கள் ஆயிரங்கால் மண்டபமே நினைவுக்கு வரும். கருங்கல்லில் இல்லாத ஒழுங்கு இங்கே உண்டு. எல்லாம் ஒரே திசை நோக்கியவை. அதிர்வு வெளியே கசியாதிருக்கப் படலத்தின் அடியில் ஒரு வெற்றிடம் விடுவர், வீணைக் குடத்தின்மேல் போர்த்திய பலகையைப் போல. இத்தகைய ஒத்ததிர்விகள் சிலவற்றை ஏணிப்படியாக இணைத்தால் வடிகட்டி. நிமிர்கால்களில் இருப்பவை வேண்டிய அலையைக் கடத்தும். குறுக்குப் படிகளில் இருப்பவை வேண்டாததை நிலத்துக்கு வடித்துவிடும். படிகளின் சுருதி சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கென அவற்றின்மேல் சிறு உலோகப் பூச்சு ஏற்றுகிறார்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை அப்பிச் சுருதி இறக்கும் வித்தை இதுவேயன்றோ!

ரிச்சர்ட் ரூபியும் அவர் தோழர்களும் ஹியூலட்–பேக்கர்டில் தொடங்கி அஜிலென்டில் முடித்த இவ்வேலை, 2001இல் அமெரிக்கச் செல்பேசிகளில் புகுந்தது. 2009இல் ஜப்பானில் அகியாமா குழுவினர் படலத்தில் ஸ்காண்டியத்தைக் கலந்து அழுத்தமின் திறனைப் பல மடங்கு உயர்த்தினர். 5ஜி செல்பேசிகளுக்கான வடிகட்டிகளில் இன்று அக்கலவைக்கும் இடமுண்டு. டூர்மலைனுக்கு இத்தொழிலில் இடமில்லாது போயிற்று. கடலடி வெடிப்பின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளில் சிலகாலம் உழைத்த அக்கல், இலங்கையில் இன்றும் நகைக்கல்லாகவே விலைபோகிறது.